கட்டடத்தின் ரெண்டர் படம் எதைச் சொல்ல வேண்டும்? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இன்று கட்டடத்தின் முப்பரிமாணக் கணினி மாடலைத் திறந்து, அதில் சூரியனை இயக்கி, மாடலைப் படமாக்கும் ரெண்டர் பொத்தானை அழுத்தினால், புகைப்படம் போன்ற ஒரு படம் யாருக்கும் கிடைத்துவிடுகிறது. பிளெண்டரின் சைக்கிள்ஸ், வி-ரே, கொரோனா, லூமியன், என்ஸ்கேப் என எதைக் கையாண்டாலும், ஒளி எப்படித் தெறித்துப் பரவும் என்ற கணக்கை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் புதிதாகக் கற்றவர்களின் படங்களில் எல்லாம் சரியாக இருந்தும் மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை. சுவர் சுவராக இருக்கிறது, நாற்காலி நாற்காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் நம்மை எதற்காகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பது மட்டும் தெரிவதில்லை. திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. படம் யாருக்கு, எதைச் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை வேலை முடிகிற நேரத்தில் கேட்பதுதான் காரணம். அந்தக் கேள்வியை முன்னால் கொண்டுவந்து, கேமரா, ஒளி, மெட்டீரியல் (பரப்புகளின் பொருள்தன்மை), மனிதர்கள் ஆகிய ஒவ்வொன்றையும் அதிலிருந்தே முடிவு செய்யும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

நீங்கள் ஏதேனும் ஒரு மென்பொருளில் மாடல் செய்யவும் ரெண்டர் எடுக்கவும் ஓரளவு கற்றிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டாக, கட்டுரை முழுவதும் ஒரே இடத்தை வைத்துக்கொள்வோம்: ஒரு சிறிய நூலகத்தின் வாசிப்புக் கூடம். நீளமான ஒரு மர மேசை, நேர்வெயில் விழாத திசையில் உயரமாக வைத்த சன்னல்கள், கூடத்தின் மறுமுனையில் வெளியே திறக்கும் ஒரு கதவு. இவ்வளவுதான்.

முதல் படி: ஒரே வாக்கியம்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்தப் படத்தைப் பார்ப்பவர் யார், பார்த்த பிறகு அவர் எதை நம்ப வேண்டும் அல்லது எதை முடிவு செய்ய வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். "அழகான நூலகம்" என்று எழுதினால் அது வாக்கியம் ஆகாது. "வெளியே வெயில் கொளுத்தும்போதும் இந்த மேசையின் முன் உட்கார்ந்தவர் கண் கூசாமல் மணிக்கணக்கில் படிக்கலாம் என்று நூலகக் குழுவினர் உணர வேண்டும்" என்று எழுதினால், அடுத்து வரும் நூறு முடிவுகளில் பாதியை அந்த வாக்கியமே எடுத்துக் கொடுத்துவிடும்.

பார்ப்பவர் மாறினால் படத்தின் இலக்கணமே மாறும். வடிவமைப்புப் போட்டியின் நடுவர் பல தாள்களை அடுத்தடுத்துப் புரட்டுகிறவர். அவருக்கு ஒரே கருத்து ஒரே பார்வையில் விளங்க வேண்டும். வீடு வாங்க நினைப்பவர் அங்கே தன் காலைப் பொழுது எப்படி இருக்கும் என்று தேடுகிறார். அனுமதி வழங்கும் அதிகாரிக்கோ புதிய கட்டடம் பக்கத்துக் கட்டடங்களுக்கு நடுவே எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்ற உண்மை வேண்டும். அந்தப் படத்தில் அந்திச் சிவப்பையும் பனிமூட்டத்தையும் சேர்ப்பது அவரைத் திசைதிருப்புவதாகும். கட்டடக்கலைஞர் இரண்டு கூரை வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கும் படத்துக்குச் சாம்பல் நிற மாடலே போதும். அதை மெருகேற்றிக் கொடுத்தால், முடிவெடுத்து முடிந்துவிட்டது போன்ற தோற்றம் வந்து பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சிறிய மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தைப் படமாக்கினேன். வெளியே ஆரஞ்சு நிற வானம், கண்ணாடி போல் மின்னும் தரை, எரிகிற எல்லா விளக்குகளும், மூலைக்கு மூலை செடிகளும் என்று பதினொரு நாள் உழைத்தேன். பொறுப்பிலிருந்த மருத்துவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த இருக்கையில் உட்கார்ந்தால் டாக்டர் அறைக் கதவு தெரியுமா?" என்று கேட்டார். இருக்கைகளைச் சாய்கோணத்தில் வைத்திருந்ததே அதற்காகத்தான். கலக்கத்தோடு காத்திருப்பவர் கதவு திறப்பதை எழுந்து போகாமலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் உயிர். என் படத்தில் அந்தக் கதவை ஒரு செடித்தொட்டி மறைத்திருந்தது. அன்றிலிருந்து வாக்கியம் எழுதாமல் நான் எந்தப் படத்தையும் தொடங்கியதில்லை.

சங்க அகப்பாடல்களின் இலக்கணத்தைப் படித்தவர்களுக்கு முதல், கரு, உரி என்ற பகுப்பு தெரிந்திருக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தில் உள்ள உயிர்களும் பொருள்களும் கருப்பொருள், பாடல் சொல்ல வரும் உணர்வு உரிப்பொருள். படம் செய்கிறவருக்கு இதைவிடத் தெளிவான வேலைமுறையை நான் கண்டதில்லை. உரியை வாக்கியமாக எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற இடத்தையும் பொழுதையும் தேர்ந்து, அதன் பின்னரே கருப்பொருளை உள்ளே விட வேண்டும். தொடக்கத்தில் நாம் எல்லோரும் செடி, விளக்கு, சோபா என்று கருப்பொருளிலிருந்து தொடங்கி, உணர்வு தானாக வந்துவிடும் என்று காத்திருக்கிறோம்.

இரண்டாம் படி: பார்க்கக் கற்பது

முன்மாதிரிக்காக மற்றவர்களின் ரெண்டர் படங்களைச் சேகரிக்காதீர்கள். அவற்றிலுள்ள பிழைகளும் சேர்ந்து வந்துவிடும். புகைப்படங்களையும் ஓவியங்களையும் பாருங்கள், ஆறேழு போதும், ஒவ்வொன்றின் கீழும் அதை எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத வராத படத்தை நீக்கிவிடுங்கள்.

மூன்று பேரின் வேலையை மட்டும் இங்கே சொல்கிறேன். நியூயார்க் நகரம் 1916இல், உயரம் கூடக் கூடக் கட்டடம் தெருவிலிருந்து பின்வாங்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. அந்த விதி எப்படிப்பட்ட கட்டடங்களைப் பிறப்பிக்கும் என்பதை கட்டட ஓவியர் ஹியூ ஃபெரிஸ் 1922இல் கரித்துண்டால் நான்கு கட்டங்களாக வரைந்து காட்டினார். முதல் படத்தில் சன்னல் இல்லை, கல் இல்லை, அலங்காரம் இல்லை; சட்டம் அனுமதிக்கும் மொத்தப் பருமன் மட்டும் இருளிலிருந்து எழுந்து நிற்கிறது. அவருக்கு விவரம் வரையத் தெரியாமல் இல்லை. அந்தப் படத்தின் கேள்வி பருமனைப் பற்றியது என்பதால் மற்றதை விட்டுவிட்டார்.

இரண்டாவது, 1960இல் ஜூலியஸ் ஷுல்மன் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு மேலே மலைச்சரிவில் எடுத்த புகைப்படம். பியர் கோனிக் வடிவமைத்த வீட்டின் கண்ணாடி அறை நகரத்துக்கு மேலே நீண்டு நிற்கிறது. கீழே தெருவிளக்குகள் நேர்க்கோடுகளாக ஓடுகின்றன. உள்ளே இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். நகரத்தின் விளக்குகள் பதிவதற்காகப் பல நிமிடங்கள் ஷட்டரைத் திறந்து வைத்து, உள்ளே இருந்தவர்களை ஃபிளாஷ் ஒளியில் பதித்த படம் அது. அந்த இரண்டு பெண்களையும் விரலால் மறைத்துப் பாருங்கள். வீடு அப்படியே இருக்கும்; அந்தரத்தில் அமைதியாக வாழலாம் என்ற செய்தி மறைந்துவிடும்.

மூன்றாவது, டென்மார்க்கின் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் (1864–1916). தாம் குடியிருந்த வீட்டின் வெற்று அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்தவர். சாம்பல் நிறங்களுக்குள்ளேயே எத்தனை படிநிலைகள் உண்டு, சன்னல் ஒளி தரையைத் தொடும் இடத்திலிருந்து மூலை வரை எப்படி மெல்ல மங்குகிறது என்பதை அவரிடம் கற்கலாம். அவருடைய ஓர் ஓவியத்தை எடுத்து, கருமை, நடுச்சாம்பல், வெண்மை என்ற மூன்றே நிறங்களில் பென்சிலால் நகலெடுங்கள். அரை மணி நேரம் ஆகும். ஒளியை அமைப்பது பற்றி அந்த அரை மணி நேரத்தில் பழகுவது, ஒரு வார மென்பொருள் பாடத்தைவிட அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாம் படி: தீப்பெட்டி அளவுப் படங்களும் கேமராவும்

இப்போதும் மெட்டீரியல் வேண்டாம். தாளில் தீப்பெட்டி அளவுக்குப் பத்துச் சட்டகங்கள் போட்டு, மேலே சொன்ன மூன்று நிறங்களில் கூடத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து வரையுங்கள். அவ்வளவு சிறிய அளவில் விவரம் எதுவும் நிற்காது. எது பெரியது, எது வெளிச்சம், கண் முதலில் எங்கே போகிறது என்பவை மட்டுமே நிற்கும். அந்த அளவில் வாக்கியம் தெரியாத படம், பெரிதாக்கினாலும் அதைச் சொல்லாது.

தேர்ந்த ஒன்றிரண்டை மாடலில் அமையுங்கள். நிற்பவரின் கண்மட்டம் 1.5 முதல் 1.6 மீட்டர், உட்கார்ந்திருப்பவருடையது 1.1 முதல் 1.2 மீட்டர். நம் வாக்கியம் மேசையின் முன் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. ஆகவே கேமராவை 1.2 மீட்டரில் வைக்கிறோம். மேசையின் மேற்பரப்பு மெலிந்து நீள்கிறது, சன்னல்கள் உயர்ந்து போகின்றன, பார்ப்பவர் தாமே நாற்காலியில் அமர்ந்துவிட்டதாக உணர்கிறார். கேமராவை மூன்று மீட்டருக்குத் தூக்கினால் இதே கூடம் தளபாடங்களின் பட்டியலாகிவிடும்.

லென்ஸைப் பொறுத்தவரை, முழுச்சட்டகக் கேமராவின் கணக்கில் 24 முதல் 35 மில்லிமீட்டர் வரை உள்ளறைகளுக்குப் போதும். அறை முழுவதையும் காட்ட வேண்டும் என்ற ஆசையில் 15 மில்லிமீட்டருக்குப் போனால், விளிம்பிலுள்ள நாற்காலிகள் இழுபட்டு, சிறிய கூடம் விமான நிலையம் போல் விரியும். இடம் போதவில்லையென்றால், கேமராவைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய், கிளிப்பிங் வசதியால் அந்தச் சுவரை மறைத்துவிட்டு, இயல்பான லென்ஸிலேயே எடுங்கள். உண்மையில் அங்கே யாரும் நிற்க முடியாதுதான். ஆனால் அறையின் அளவைப் பற்றி அந்தப் படம் சொல்வது மெய்யாக இருக்கும்.

கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாக நிற்கட்டும். உயரத்தைக் காட்டக் கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல், லென்ஸ் ஷிஃப்ட்டைக் கொண்டு சட்டகத்தை மேலே நகர்த்துங்கள். படத்தின் நீள அகல விகிதத்தையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். அச்சுத்தாளில் நெட்டையாக வரப்போகிறதா, திரையில் அகலமாக வரப்போகிறதா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், எல்லா அமைப்பையும் திரும்பச் செய்ய நேரிடும்.

நான்காம் படி: ஒளி

என் கணக்கில் படத்தின் பாதி இங்கேதான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எல்லாப் பரப்புகளுக்கும் ஒரே நடுச்சாம்பல் மெட்டீரியலைக் கொடுத்து, கண்ணாடியை மட்டும் விலக்கிவிட்டு, ஒளியை மட்டும் அமையுங்கள். இந்தச் சாம்பல் ரெண்டரிலேயே பொழுது இன்னதென்று தெரிய வேண்டும், உணர்வும் வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் மரமும் துணியும் சேர்த்து அதை மீட்க முடியாது.

சூரியனை உங்கள் விருப்பத்துக்கு வைக்காமல், கட்டடம் அமையும் இடத்தையும், வடக்குத் திசையையும், மாதத்தையும், மணியையும் கொடுத்து வைத்துப் பாருங்கள். ஒருபோதும் வெயில் வராத சுவரில் வெயிலைக் காட்டினால், கட்டி முடித்த பிறகு வந்து நிற்பவர் ஏமாற்றப்பட்டவராவார். நம் கூடத்தின் உயரச் சன்னல்களில் நேர்வெயில் வராது. அதுவே வடிவமைப்பின் சிறப்பு. அப்படியானால் "வெளியே வெயில் கொளுத்துகிறது" என்பதை எப்படிச் சொல்வது? மறுமுனைக் கதவைத் திறந்து வையுங்கள். வாசற்படிக்கு வெளியே தரையில் வெள்ளை வெயில் கூர்மையாக விழட்டும்; அதில் ஒரு கையகலம் மட்டும் படியைத் தாண்டி உள்ளே வரட்டும். மேசையின் மேலோ சன்னலின் மென்மையான, நிழல்விளிம்பு தெரியாத ஒளி. கடுமையும் தணிவும் ஒரே சட்டகத்தில் அருகருகே வந்தவுடன், வாக்கியத்தைப் பார்ப்பவரே சொல்லிவிடுவார்.

அந்தக் கையகல வெயிலின் விளிம்பை இன்னும் நெருங்கிப் பாருங்கள். வானில் சூரியன் ஒரு புள்ளியன்று. ஏறத்தாழ அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் நிழலின் விளிம்பு, நிழலைப் போடும் பொருளிலிருந்து விலக விலக மங்குகிறது. கதவுநிலையின் அடிப்பகுதி தரையில் போடும் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஒளி இரண்டு மீட்டர் கடந்து வந்து விழும் இடத்தில் அந்த விளிம்பு சுமார் 2 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கரைந்திருக்கும். மென்பொருளில் சூரியனின் கோணத்தைச் சுழியமாக வைத்தால் எல்லா நிழலும் ஒரே கூர்மையில் வந்து, காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். அரை டிகிரி என்று வைத்தால் போதும். பார்ப்பவர் யாரும் இதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அது இல்லாத படத்தை நம்பவும் மாட்டார்கள்.

உண்மை வானத்தின் பிரகாசத்தைப் பதித்த எச்.டி.ஆர்.ஐ. படத்தை வானமாகப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வானத்துக்குள்ளேயே ஒரு சூரியன் இருக்கும். அதை வேறு திசையில் விட்டுவிட்டுத் தனியாக இன்னொரு சூரிய விளக்கையும் வைத்தால், நாற்காலிக்கு இரண்டு நிழல் விழும். தொடக்க நிலைப் படங்களில் நான் மிக அடிக்கடி காணும் பிழை இது.

பகல் படத்தில் எல்லா விளக்குகளையும் எரியவிடுவது மற்றொரு பிழை. உச்சிவெயிலில் வெளியே சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். படிக்கும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் போதும். இவ்வளவு இடைவெளி இருக்கும்போது கதவோரத்து விளக்கு எரிவதே கண்ணுக்குத் தெரியாது. வானமும் விளக்கும் ஒத்த பிரகாசத்துக்கு வருவது சூரியன் மறைந்த பிறகு வரும் சிறிது நேரத்தில் மட்டுமே. கட்டடப் புகைப்படக்காரர்கள் அந்த நீல நேரத்துக்காகக் காத்திருப்பது அதனால்தான். உங்கள் வாக்கியம் உள்ளே எரியும் விளக்குகளைப் பற்றியதென்றால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

நிறத்துக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். குண்டு பல்பின் ஒளி 2,700 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு) அளவில் மஞ்சளாகவும், நண்பகல் வெயில் 5,500 கெல்வின் அளவில் வெண்மையாகவும், தெளிந்த நீலவானத்திலிருந்து நிழலுக்குள் வரும் ஒளி அதற்கு வெகுவாக மேலேறி நீலமாகவும் இருக்கும். கேமராவின் ஒயிட் பேலன்ஸை எதற்கு ஏற்ப வைக்கிறீர்களோ அது நடுநிலையாகும், மற்றது சாயும். நம் கூடத்தில் சன்னல் ஒளிக்குச் சற்றே குறைவாக வைத்தால், மேசையில் மெல்லிய குளிர்ச்சியும் வாசலில் இளஞ்சூடும் தங்கும். இருட்டான மூலைகளைப் பார்த்துப் பயந்து, மறைவிடத்தில் கூடுதல் விளக்குகளை வைத்து நிரப்பாதீர்கள். இருள் கொஞ்சம் இருந்தால்தான் ஒளிக்கு ஒரு திசை இருக்கும்.

ஐந்தாம் படி: மெட்டீரியல்

இரண்டு மெட்டீரியல்கள் பேசட்டும், மற்றவை அடங்கி இருக்கட்டும். நம் படத்தில் பேச வேண்டியவை மேசையின் மரமும், சன்னல் ஒளியை வாங்கும் பூச்சுச் சுவரும்.

எந்தப் பரப்பும் முழு வெண்மை அன்று. புதிதாக வெள்ளையடித்த சுவர்கூட விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. கரி 4 சதவீதம் அளவுக்குத்தான். சுவருக்கு 100 சதவீத வெண்மை கொடுத்தால், ஒளி எங்கும் தேயாமல் தெறித்துக்கொண்டே இருந்து, மூலைகள் சுண்ணாம்புத்தூள் பூசியதுபோல் வெளிறிவிடும். "என் ரெண்டர் ஏன் தட்டையாக இருக்கிறது?" என்று கேட்கும் மாணவர்களிடம் நான் முதலில் பார்ப்பது சுவரின் வெண்மை எண்ணைத்தான்.

மேசையை அருகில் போய்ப் பார்ப்போம். மாடலில் அதன் விளிம்பு கணிதக்கோடு. தச்சரின் கையில் அது 2 மில்லிமீட்டர் அளவுக்கு மழுங்கியிருக்கும். அந்த மழுங்கலில்தான் சன்னல் ஒளி மெல்லிய கோடாக ஓடி, இது கனமான பலகை என்று சொல்கிறது. ஆகவே கேமராவுக்கு அருகிலுள்ள விளிம்புகளுக்கெல்லாம் பெவல் கொடுங்கள். அடுத்து, மர ரேகை பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும். பலகை முடியும் முகப்பில் அதே ரேகை தொடரக் கூடாது, அங்கே வளையங்களின் குறுக்குவெட்டு தெரிய வேண்டும். மர ரேகைப் படமான டெக்ஸ்சரை ஒட்டும்போது மென்பொருள் இதைத் தானாகச் செய்யாது. மூன்றாவதாக, ரஃப்னஸ் (பரப்பின் சொரசொரப்பு) எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது. முழங்கைகள் ஊன்றும் விளிம்போரம் கொஞ்சம் வழுவழுப்பாகவும் நடுப்பகுதி சற்று மங்கலாகவும் இருந்தால், பலர் அமர்ந்து படித்த மேசை என்பது சொல்லாமலே விளங்கும். புதுக்கட்டடத்துக்குப் புது மேசை என்றால் இதை விட்டுவிடலாம். அழுக்கையும் கீறலையும் எல்லாப் பரப்பிலும் தூவுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தேய்மானம் எப்போதும் கை படும் இடத்திலும் கால் படும் இடத்திலும்தான் வருகிறது.

கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் 1.5, தண்ணீருக்கு 1.33 என்று கொடுத்துவிட்டு நகரலாம். டெக்ஸ்சரின் அளவை மட்டும் ஒவ்வொரு முறையும் அளந்து சரிபாருங்கள். செங்கல்லோ தரைக்கல்லோ உண்மையான அளவைவிடப் பெரிதாக வந்தால், கட்டடம் பொம்மை வீடாகிவிடும்.

ஆறாம் படி: மனிதர்களும் பொருள்களும்

உள்ளே வைக்கும் ஒவ்வொரு பொருளிடமும் வாக்கியத்துக்கு அது என்ன செய்கிறது என்று கேளுங்கள். மேசையில் ஒரு புத்தகம் திறந்திருக்கிறது. அதன் பக்கம் சன்னல் ஒளியை நேராக வாங்குகிறது. அதற்கு முன்னால் தலைகுனிந்து ஒருவர் படிக்கிறார். கண் எப்போதும் வெண்மையும் கருமையும் கடுமையாக மோதும் இடத்துக்கே முதலில் போகும். அந்த மோதல் வெண்பக்கத்துக்கும் படிப்பவரின் கருந்தலைமுடிக்கும் இடையில் நிகழும்படி வைத்துவிட்டால், படத்தின் மையம் தானாக அமைந்துவிடும். வாசல் வெயில் அதைவிடப் பிரகாசமானது என்பதால், அதைச் சட்டகத்தின் ஓரத்தில், சிறிய பரப்பாக வைக்க வேண்டும். இரண்டாவது நாற்காலி சற்றுப் பின்னே தள்ளியிருக்கிறது, அதன் முதுகில் ஒரு துணிப்பை தொங்குகிறது. யாரோ எழுந்து அலமாரிக்குப் போயிருக்கிறார், திரும்பி வருவார். இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

வெட்டி ஒட்டும் மனிதர்களைப் பயன்படுத்தினால் மூன்றைச் சரிபாருங்கள். அவர்கள் மேல் விழும் ஒளி உங்கள் ஒளியின் திசையிலிருந்து வர வேண்டும். காலடியில் நிழல் ஒட்டியிருக்க வேண்டும். கேமரா நிற்பவரின் கண்மட்டத்தில் இருந்தால், சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எல்லோருடைய கண்களும், அருகிலிருந்தாலும் தொலைவிலிருந்தாலும், ஏறத்தாழ அதே தொடுவானக் கோட்டில் வர வேண்டும். கேமராவைப் பார்த்துச் சிரிப்பவர்களைச் சேர்க்காதீர்கள். கட்டடத்தைப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் வேலையில் இருப்பார்கள்.

மரங்களுக்கும் நேர்மை வேண்டும். கட்டி முடித்த முதல் ஆண்டில் நடப்போகும் கன்றுக்குப் பதிலாக இருபது ஆண்டு மரத்தை நிறுத்தி, அது கட்டடத்தின் பலவீனமான பக்கத்தை மறைப்பதை நான் ஏற்பதில்லை. வளர்ந்த மரத்தைக் காட்டத்தான் வேண்டும் என்றால், எத்தனை ஆண்டுக்குப் பிந்தைய தோற்றம் என்பதைப் படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

ஏழாம் படி: முடிப்பு வேலை

ரெண்டர் எடுக்கும்போது டெப்த் (தொலைவைப் பதிப்பது), கிரிப்டோமேட் (ஒவ்வொரு பொருளையும் தனியே தேர்ந்தெடுக்க உதவுவது) ஆகிய பாஸ்களையும், அதாவது துணைப் படங்களையும், சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலியின் நிறத்தை மாற்ற முழுப்படத்தையும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்காது. படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் டீநாய்ஸர் மர ரேகையையும் துணியின் நெசவையும் மெழுகுபோல் வழித்துவிடக் கூடும் என்பதால், போதிய சாம்பிள்கள் (ஒரு பிக்சலுக்கு ஒளியைக் கணக்கிடும் தடவைகள்) கொடுத்த பிறகே அதை இயக்குங்கள். பிளெண்டரில் 4.0 பதிப்பிலிருந்து இயல்பாக வரும் ஏ.ஜி.எக்ஸ். போன்ற டோன் மேப்பிங் (பிரகாச வீச்சைத் திரைக்குள் அடக்கும் முறை), வாசல் வெயிலைத் திடீரென்று வெட்டாமல் படிப்படியாக வெளிறச் செய்யும். அதை மாற்ற வேண்டியதில்லை. ஏ3 தாளில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 4,961 × 3,508 பிக்சல் வேண்டும்.

லென்ஸ் ஃபிளேர், விளிம்பு நிறச்சிதறல், கனத்த விளிம்பு இருட்டு ஆகிய மூன்றும் லென்ஸின் குறைபாடுகள். அவற்றை வேண்டுமென்றே சேர்ப்பதால் படம் புகைப்படமாகிவிடாது. மாறாக நீக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பொருளாக மறைத்து, அது இல்லாமலும் வாக்கியம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது போகட்டும். இப்படிச் செய்யும்போது நீங்கள் இரண்டு நாள் செலவிட்டு மாடல் செய்த ஒரு விளக்கு போக நேரிடும். மனம் வலிக்கத்தான் செய்யும், ஆனாலும் எடுத்துவிடுங்கள். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பியும், கருப்பு வெள்ளையாக்கியும், மறுபடி தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கியும் பாருங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத சரிவும் நெரிசலும் அப்போது தெரியும்.

எட்டாம் படி: மூன்று கேள்விகள்

ஓர் இரவு விட்டு, இந்தத் திட்டத்தைப் பற்றி எதுவும் அறியாத மூவரிடம் தனித்தனியாகப் படத்தைக் காட்டுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்பார்கள், அது எதற்கும் உதவாது. முதலில் எதைப் பார்த்தீர்கள், அங்கே இப்போது என்ன நேரம், நீங்கள் அங்கே போனால் என்ன செய்வீர்கள் என்ற மூன்றை மட்டும் கேட்டு, பதில்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள்.

கண் முதலில் புத்தகத்துக்குப் போகாமல் வாசலுக்குப் போயிருந்தால், குறை ஆறாம் படியில் இருக்கிறது: வெயிலின் பரப்பைக் குறையுங்கள், அல்லது படிப்பவரை இன்னும் ஒளிக்கு அருகே நகர்த்துங்கள். நேரத்தை ஆளுக்கொன்றாகச் சொன்னால், மெட்டீரியலையெல்லாம் அணைத்துவிட்டு நான்காம் படியின் சாம்பல் ரெண்டருக்குத் திரும்புங்கள். "சுற்றிப் பார்ப்பேன்" என்று சொன்னவர் கூடத்துக்கு வெளியே நிற்கிறார். கேமரா உயரமாகவோ தொலைவாகவோ இருக்கிறது. "உட்கார்ந்துவிடுவேன்" என்று மூவரில் இருவராவது சொல்லிவிட்டால், லேயர்களுடன் கூடிய 16 பிட் கோப்பையும், சாம்பல் ரெண்டரையும், அந்த வாக்கியம் எழுதிய தாளின் படத்தையும் ஒரே கோப்புறையில் போட்டுவைத்துவிட்டு, படத்தை அனுப்பிவிடுங்கள்.